எவலினா நாயகி ஏன் இப்படி அசடாக இருக்கிறாள்? இந்த நாவலை எப்படித்தான் படித்து முடிப்பது?

எம்.ஏ. ஆங்கிலத்துக்கு ஃபேனி பர்னி கடிதங்களாகவே எழுதிய ‘எவலினா’ (1778) நாவல் பாடம், முதல் தொகுதியே தாண்டவில்லை என்று ஈரோட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். குறை அந்தப் பெண்ணிடம் இல்லைங்க. அந்த ஊர் வழமை தெரியாமல் உள்ளே போனால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் எந்தச் சீர் எப்போது என்று சடங்கு நடத்தும் அருமைக்காரர் கூடவே நின்று சொல்லிவிடுவார். டார்செட் கிராமத்தில் வில்லர்ஸ் பாதிரியார் வளர்த்த 17 வயதுப் பெண்ணுக்கு லண்டனில் அப்படி ஒருத்தர் இல்லை. கூட்டிப்போன மிர்வன் அம்மாளும் முன்கூட்டி எதுவும் சொல்லித்தரவில்லை.

முதலில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். நடன விருந்தில் ஒருவர் அழைப்பை மறுத்த பெண், அதன்பின் இன்னொருவருடன் ஆடக் கூடாது. இது தெரிந்து 11ஆம் கடிதத்தைப் படியுங்கள். பகட்டுக்காரன் லவல் கூப்பிடுகிறான். சிரிப்பை அடக்க முடியாமல் மறுக்கிறாள். பிறகு ஆர்வில் பிரபுவோடு ஆடப் போகிறாள். லவலுக்கு அது பொது அவமானம். அடுத்த விருந்தில் ஆடக் கூப்பிடும் சர் கிளமென்டைத் தட்டிக்கழிக்க, ‘வேறொருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்’ என்று பொய் சொல்கிறாள். யாரந்த ஆள் என்று அவன் விடாமல் குடைய, ஆர்விலின் தலை உருளுகிறது. முதல் தப்பு விதி தெரியாததால் வந்தது, இரண்டாவது பாதி தெரிந்ததால். அசடா அது?

பிறகு ஒரு தாளைக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: இடம், கூட இருப்பவர், பார்த்துவிட்டவர். மூன்றாவது பத்திதான் கதை. மேரிலபோன் தோட்டத்து வாணவேடிக்கையில் கூட்டத்தைப் பிரிந்து, தொந்தரவுக்குப் பயந்து இரண்டு பெண்களிடம் அடைக்கலம் கேட்கிறாள். அவர்கள் பாலியல் தொழிலாளிகள். அந்த நேரம் பார்த்து ஆர்வில் வருகிறான்.

கடிதங்களின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். வில்லர்ஸின் புத்திமதி வந்துசேர்வதற்குள் காரியம் கெட்டிருக்கும். அவள் கடிதத்துக்கு ஆர்வில் பெயரில் வரும் அசிங்கமான பதிலை யார் எழுதியது என்பது மூன்றாம் தொகுதியில்தான் தெரியும். கதையை உடைத்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், பெயரை நான் சொல்லவில்லை.

கேப்டன் மிர்வன், எவலினாவின் பாட்டியம்மாள் டுவாலைப் படுத்தும் பாட்டை வேகமாகத் தள்ளிவிடலாம். ஆனால் பந்தயத்துக்காக 80 வயது தாண்டிய இரண்டு கிழவிகளைக் கனவான்கள் ஓடவிடும் இடத்தில் நில்லுங்கள். விழுந்த கிழவியைத் தூக்கப் போகும் எவலினாவைத் தடுக்கிறார்கள், பந்தயம் கெட்டுவிடுமாம்.

கடைகளில் விற்கும் நோட்ஸ்களில் எல்லாம் ‘அறம் வெல்லும்’ என்ற ஒரே வரி. எரிச்சலாக வருகிறது. எவலினாவின் அப்பா சர் ஜான் பெல்மான்ட் கல்யாணச் சான்றிதழை எரித்துவிட்டு, கல்யாணமே நடக்கவில்லை என்றவர். அதனால்தான் அவள் ‘ஆன்வில்’ என்ற இட்டுக்கட்டிய குடும்பப் பெயரோடு அலைகிறாள். பெயரில்லாத பெண்ணிடம் எவனும் வாலாட்டலாம் என்பதுதான் நாவலின் முடிச்சு. எழுதியவரும் பெயர் போடாமல்தான் வெளியிட்டார். தன் அப்பாவின் நூல்களைப் படியெடுத்த கை அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று கையெழுத்தையே மாற்றி எழுதினார். கிடைத்தது 20 கினி (அந்தக் கால ஆங்கிலத் தங்க நாணயம்).

பரீட்சையில் ‘வெள்ளை மனம்’ பற்றிக் கேட்டால் எரித்த சான்றிதழிலிருந்து தொடங்குங்கள். கடித எண் போடும்போது மட்டும் கவனம்: சில பதிப்புகளில் எண் தொடர்ச்சியாகப் போகும், சிலவற்றில் தொகுதிக்குத் தொகுதி ஒன்றிலிருந்து தொடங்கும்.