காய்ச்சல் விட்டுவிட்டது, வைடால் இன்னும் பாசிட்டிவ்: மறுபடி ஊசி போடணுமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறாள். டைபாய்டு வந்து, டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பத்து நாளும் விடாமல் சாப்பிட்டாள். காய்ச்சல் விட்டு மூன்று வாரம் ஆகிறது. எதற்கும் பார்த்துவிடலாம் என்று லேபில் ரத்தம் கொடுத்தோம். வைடால் 1:320 என்று வந்திருக்கிறது. கிருமி இன்னும் ரத்தத்தில் இருக்கிறது, ஊசி போடுங்கள் என்கிறார்கள். மாமியார் கஞ்சியைத் தவிர வேறெதுவும் கொடுக்க விடுவதில்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, நடமாடுகிறாள் என்றால் ஊசி வேண்டாம் அம்மா. அந்தச் சீட்டை மடித்து ஃபைலில் வைத்துவிடுங்கள்.

வைடால் பரிசோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. ரத்தத்தில் பிரித்த சீரத்தில் ஒரு சொட்டை, சாயம் ஏற்றிய டைபாய்டு கிருமித் திரவத்தோடு கண்ணாடிச் சில்லில் கலந்து ஆட்டுவார்கள். பால் திரிவது போலப் பொடிப்பொடியாகத் திரண்டால் பாசிட்டிவ். திரள வைப்பது கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் புரதம். 1:320 என்ற எண் அந்தப் புரதத்தின் அளவைத்தான் சொல்கிறது. நோய் போன பிறகும் அது மாதக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். எப்போதோ போட்ட தடுப்பூசி, வேறு ஏதோ காய்ச்சல், இவற்றாலும் எண் ஏறும். குணமானதா என்று பார்க்க வைடால் எடுப்பதில் பயனே இல்லை. இந்த ஒரு சீட்டை நம்பி மறுபடி மறுபடி ஊசி போட்டுக்கொள்பவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

தேவையில்லாத ஊசியில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. அந்த ஊசி ஆன்டிபயாடிக், அதாவது கிருமிக்கொல்லி மருந்து; தேவையில்லாமல் போடப் போட, கிருமிகள் அதற்கு அடங்காமல் பழகிவிடும். ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கைகண்ட மருந்தாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசின் இன்று நம் நாட்டில் பெரும்பாலும் எடுபடுவதில்லை. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016 முதல், டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் அடங்காத டைபாய்டு பரவியது. இருக்கிற சில மருந்துகளை நாம் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் திரும்புகிறதா என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களிலும் சிலருக்குச் சில வாரங்களில் டைபாய்டு மறுபடி தலைகாட்டும். இன்னும் இரண்டு வாரம் உடம்பு சுட்டால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 100 டிகிரியைத் தாண்டி இரண்டு நாள் நின்றால் டாக்டரிடம் போய் ‘பிளட் கல்ச்சர்’ எடுக்கச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். கிருமியையே வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று காட்டுவது அந்தப் பரிசோதனைதான். கடுமையான வயிற்றுவலியோ, மலம் கறுப்பாகவோ ரத்தமாகவோ போவதோ இருந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

மாமியாரின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண்ணை உண்டாக்கும். மருந்து இல்லாத நாட்களில் மூன்றாவது வாரத்தில் குடல் ஓட்டையாகி இறந்தவர்கள் ஏராளம். அதைப் பார்த்த தலைமுறையிலிருந்து வந்த பத்தியம் அது. ஆனால் உங்கள் மகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள். இப்போது அவளுக்குத் தேவை சத்து. இட்லி, குழைந்த பருப்பு சாதம், அவித்த முட்டை, தயிர், வாழைப்பழம் எல்லாம் கொடுங்கள். மீன் குழம்பையும் காரம் குறைத்து ஊற்றலாம். வெளிக்கடைத் தண்ணீரும் ஐஸும்தான் இப்போதைக்கு வேண்டாம்.

குணமான பிறகும் சில வாரம் மலத்தில் கிருமி போகலாம். கழிவறை போய்வந்தால் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், அதுவரை வீட்டுச் சமையலில் அவளை விடாதீர்கள். குடிநீர் தளதளவென்று கொதித்து ஆறியதாக இருக்கட்டும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்றில்லை. முழுதாகத் தேறிய பின் டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள், வீட்டில் மற்ற குழந்தைகளுக்கும் சேர்த்து.

கடைசியாக ஒன்று. இரண்டு மூன்று மாதத்தில் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வரலாம். கடுங்காய்ச்சலுக்குப் பிறகு இது பலருக்கும் நடப்பதுதான், சில மாதத்தில் தானே வளர்ந்துவிடும். அவள் பயந்துபோகும் முன், இப்போதே சொல்லி வையுங்கள்.