துருக்கி சுல்தானுக்கு தக்கலையில் துஆ ஏன்?

கேள்வி: அண்ணாச்சி, எங்க வாப்பாவின் வாப்பா சிறுவனாக இருந்தபோது இங்கே பள்ளிவாசலில் ஜும்ஆ குத்பாவில் (வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில்) துருக்கி சுல்தான் பெயரைச் சொல்லி துஆ (பிரார்த்தனை) கேட்பார்களாம். எங்கேயோ இருக்கிற ராஜாவுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? போப்பாண்டவர் மாதிரி பதவியா அது?
- தக்கலை வாசகர்

பதில்: துருக்கி சுல்தான் கலீபா, அதாவது நபிகளுக்குப் பிறகு முஸ்லிம்களின் தலைவர் என்ற பட்டத்தையும் வைத்திருந்தார், அதனால்தான் அந்த துஆ. ஆனால் போப் மாதிரி இல்லை தம்பி. கலீபா சொல்லிவிட்டார் என்பதற்காக மார்க்கம் மாறாது, அதைச் சொல்ல மார்க்கம் படித்த ஆலிம்கள் தனியாக இருந்தார்கள். 833-இல் கலீபா மஃமூன் குர்ஆனைப் பற்றிய தன் கொள்கையை எல்லோரும் ஏற்க வேண்டும் என்று விசாரணை வைத்துப் பார்த்தார், அஹ்மத் இப்னு ஹன்பல் என்ற ஆலிம் மாட்டேன் என்றார், அடுத்த கலீபா காலத்தில் சவுக்கடியும் பட்டார், கடைசியில் இறங்கி வந்தது அரண்மனைதான். சரி, ஒரே ஒரு கலீபாதான் என்றாவது இருந்ததா? பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் ஒருவர், வட ஆப்பிரிக்காவில் பாத்திமி வம்சத்தார் ஒருவர், 929 முதல் ஸ்பெயினின் கொர்தோபாவில் ஒருவர். யாரும் யாரையும் ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடித்த கதை டில்லி நாணயம். 1229-இல் டில்லி சுல்தான் இல்துத்மிஷுக்கு பாக்தாத் கலீபாவிடமிருந்து அங்கீகாரம் வந்தது, ஊரே விழாக் கொண்டாடியது. 1258-இல் மங்கோலியர் பாக்தாதை அழித்து கலீபா முஸ்தஅசிமைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் டில்லியில் அச்சடித்த வெள்ளித் தங்காவில் செத்துப்போனவர் பெயர் அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது! ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பது முக்கியமில்லை, நம்ம சுல்தானின் நாற்காலிக்கு ஒரு முத்திரை வேண்டும், அவ்வளவுதான்.

துருக்கிக்கு வருவோம். 1517-இல் துருக்கி சுல்தான் முதலாம் செலீம் எகிப்தைப் பிடித்தபோது, பாக்தாத் கலீபாக்களின் வம்சத்தில் வந்து அங்கிருந்த பொம்மை கலீபா பட்டத்தை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்பார்கள், அந்தக் கதை பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பரவியது. கிரிமியா கைவிட்டுப் போன 1774 ரஷ்ய ஒப்பந்தத்தில் அந்த முஸ்லிம்களுக்கு மார்க்கத் தலைமை மட்டும் சுல்தானிடம் என்று எழுதிக்கொண்டார்கள். நிலம் போகப் போக பட்டத்தின் சத்தம் கூடியது, சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலத்தில் இந்தியா வரைக்கும் கேட்டது. அப்போது நம்ம பகுதி திருவிதாங்கூர் மகாராஜாவுக்குக் கீழே. ஆக, வரி திருவனந்தபுரத்துக்கு, துஆ இஸ்தான்புலுக்கு. இவ்வளவும் சொன்னாலும், மனசில் பாரம் வந்தால் தக்கலைக்காரர்கள் போய் உட்கார்ந்தது பீர்முகமது அப்பா தர்காவில்தான், அதற்கு எந்த சுல்தானின் ஓலையும் தேவைப்படவில்லை.

கேள்வி: இப்போது கலீபா யாரும் இல்லையே, எப்போது முடிந்தது?
- குளச்சல் வாசகர்

பதில்: 1924 மார்ச் 3, அங்காராவில் துருக்கி நாடாளுமன்றம் அந்தப் பதவியை ஒழித்தது. நாலு நாளுக்குள் மக்காவின் ஷரீப் உசேன் "நான்தான்" என்றார், அந்த வருஷம் முடிவதற்குள் அவருடைய மக்காவே இப்னு சவூதிடம் போய்விட்டது. 1926-இல் கெய்ரோவில் மாநாடு கூட்டிப் பேசினார்கள், ஆள் அமையவில்லை. கடைசி கலீபா இரண்டாம் அப்துல் மஜீது பிரான்சுக்குப் போய்ப் படம் வரைந்துகொண்டிருந்தார், நல்ல ஓவியர். மகளை 1931-இல் ஹைதராபாத் நிஜாமின் மகனுக்குக் கட்டிக் கொடுத்தார். 1944-இல் பாரிசில் மௌத்தானார். துருக்கி மண்ணில் அடக்கம் செய்ய அனுமதி கிடைக்காமல் உடல் பாரிஸ் பள்ளிவாசலில் பத்து வருஷம் காத்துக் கிடந்து, அப்புறம் மதீனா போய்ச் சேர்ந்தது.