ஏப்ரலில் விதைத்த லெட்டூஸ் ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: திருச்சியில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தண்டுக்கீரை, பாலக், புதினா எல்லாம் நன்றாக வருகின்றன. ஏப்ரல் நடுவில் லெட்டூஸ் விதை இரண்டு பாக்கெட் வாங்கி, க்ரோ பேக்கில் ஒரு விரல்கணு ஆழத்தில் விதைத்து, காலை மாலை தண்ணீர் ஊற்றினேன். முளைத்தது நாலே செடி. அவையும் நெட்டையாக மேலே போய்விட்டன, இலை வாயில் வைக்க முடியாத கசப்பு. மீதி ஒரு பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது. போலி விதையா? அல்லது லெட்டூஸ் நம் ஊருக்கு வரவே வராதா?

பதில்: விதை மேல் பழி போடுவதற்கு முன் அந்த மாதத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் திருச்சியில் பகல் வெப்பம் 38, 39 டிகிரிக்குப் போகும். மொட்டை மாடியில் கறுப்புப் பைக்குள் இருக்கும் மண் அதற்கும் மேலே சுடும். லெட்டூஸ் விதை முளைக்க விரும்புவது 15 முதல் 20 டிகிரி வரை. 28, 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் முளைக்க மறுத்துவிடும். தண்ணீரைக் குடித்து உப்பிய விதை சூட்டைக் கண்டதும் அப்படியே உறக்கத்துக்குப் போய்விடுகிறது. அதற்கப்புறம் மண் குளிர்ந்தாலும் சட்டென்று எழுந்திருக்காது. தண்டுக்கீரைக்கு இந்தக் குணம் கிடையாது, அது சூடான மண்ணில்தான் துள்ளி வரும். கீரை விதைக்கிற பழக்கத்தில் லெட்டூஸை விதைத்ததுதான் சிக்கல்.

இரண்டாவது காரணம் ஆழம். ஒரு விரல்கணு என்பது இந்த விதைக்குக் கிணறு. ஒரு கிராமில் 800, 1000 விதை நிற்கிற அளவுக்குச் சிறியது. உள்ளே இருக்கும் சேமிப்பு அத்தனை மண்ணை முட்டிக்கொண்டு வரப் போதாது. அதோடு இதற்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும். இது விஞ்ஞான வரலாற்றிலேயே பேர் வாங்கிய சங்கதி. 1952-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் 'கிராண்ட் ராபிட்ஸ்' என்ற லெட்டூஸ் ரகத்தின் விதைகளை நனைத்து, சிவப்பு ஒளியையும் அதைவிட அலைநீளம் கூடிய தொலைசிவப்பு ஒளியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாகக் காட்டியது சிவப்பு என்றால் முளைத்தது, தொலைசிவப்பு என்றால் முளைக்கவில்லை. செடிகள் வெளிச்சத்தை உணரும் பைட்டோகுரோம் என்ற நிறமிக்கு வழி காட்டியது இந்தச் சோதனைதான். இன்றைய ரகங்கள் எல்லாமே அவ்வளவு கறார் இல்லை. ஆனால் வெப்பம் ஏற ஏற வெளிச்சத் தேவையும் கூடும். உங்கள் விதைக்குச் சூடும் இருட்டும் சேர்ந்தே கிடைத்தன.

சரி, நம் ஊருக்கு வருமா? வரும், குளிர்காலத்தில் மட்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யூமா என்றொரு ஊர் இருக்கிறது. வெயிலில் திருச்சியைத் தூக்கிச் சாப்பிடும் பாலைவனம். அந்த நாட்டுக்குக் குளிர்கால லெட்டூஸில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. மண் இன்னும் சூடாக இருக்கும்போதே விதைக்க வேண்டிய நிலையில், அங்கே தெளிப்பு நீரைச் சாயங்காலம் திறக்கிறார்கள். விதை முதல் ஈரத்தைக் குடிக்கும் நேரம் இரவின் குளிர்ச்சியில் அமைய வேண்டும் என்பதற்காக. உறக்கமா முளைப்பா என்று தீர்மானமாவது பெரும்பாலும் அந்த முதல் நாளில்தான். எனவே நீங்களும் காலையில் விதைக்காதீர்கள், பொழுது சாய்ந்த பின் விதையுங்கள்.

மீதி பாக்கெட்டை இப்போது பிரிக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். திருச்சியில் விதைப்புக்கு ஏற்ற காலம் நவம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் கடைசி வரை. ஐப்பசி அடைமழை நேரடியாக அடித்தால் குருத்து நாற்று சேற்றோடு படுத்துவிடும். அதனால் முதல் விதைப்பைச் சன்ஷேடு அடியில், மழை படாமல், வெளிச்சம் வரும் இடத்தில் குழித்தட்டில், அதாவது சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டில் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் பொங்கல் தாண்டியும் இலை கிடைக்கும். பொங்கலுக்குப் பிறகு புதிதாக விதைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அது இலை விடும்போது மாசி வெயில் வந்துவிடும்.

விதைக்கும் முறை இதுதான். ஈரமான டிஷ்யூ பேப்பரில் விதையைப் பரப்பி, மடித்து, மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. அதன் பிறகு வீட்டின் குளிர்ந்த மூலையில், மண்பானை வைத்திருக்கும் ஈர மணல் பக்கத்தில் வைத்தாலும் போதும், வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். வேர் நீளும் முன்பே, நனைத்த பல்குத்தும் குச்சியின் நுனியால் எடுத்துக் குழிக்கு இரண்டாக வையுங்கள். மேலே சலித்த மண்புழு உரத்தை உப்புத் தூவுவது போலத் தூவினால் போதும். தண்ணீரைக் கைத்தெளிப்பானில் பனிபோலத் தெளியுங்கள், குவளையால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும். எறும்பையும் கவனியுங்கள். லெட்டூஸ் விதையை இழுத்துப் போவதில் அதற்குத் தனி ஆசை. தட்டைத் தண்ணீர் நிற்கும் தாம்பாளத்தில் செங்கல் வைத்து அதன் மேல் வைத்தால் தொல்லை இல்லை.

குழித்தட்டுக்குக் கோகோபீட், அதாவது தென்னை நார்த்தூள் வாங்கினால் இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள், அதில் உப்பு இருக்கும். லெட்டூஸ் உப்பைத் தாங்காத பயிர். உங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படலம் விடும் ரகம் என்றால், நாற்றுப் பருவத்துக்காவது மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு வாரத்தில் நாலைந்து இலை விட்டதும் பைக்கு மாற்றலாம். தோட்ட மண், கோகோபீட், மண்புழு உரம் சம அளவு போதும். வேர் மேலாகத்தான் ஓடும், முக்கால் அடி ஆழமுள்ள அகலமான பை நல்லது. செடிக்குச் செடி 20 முதல் 25 செ.மீ. விடுங்கள், நடுக்குருத்து மண்ணில் புதையக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் காலை வெயில் நாலைந்து மணி நேரம் படட்டும். பிப்ரவரியில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள்.

ரகம் எது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி வெற்றி அதில்தான். கடை பர்கரில் வரும் மொறுமொறுப்பான உருண்டை லெட்டூஸ், அதாவது ஐஸ்பெர்க், சமவெளி மாடிக்கு ஒத்துவராது. இரண்டரை, மூன்று மாதம் குளிர் நீடித்தால்தான் உருண்டை கட்டும். அதை ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஏற்றது உருண்டை கட்டாத இலை ரகம், பச்சையும் சிவப்பும் இரண்டுமே. 45, 50 நாளில் பறிக்கலாம். நிமிர்ந்து வளரும் ரொமெய்னை அடுத்த வருடம் முயலுங்கள்.

உரத்தில் ஒரு எச்சரிக்கை. கீரைக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யா, ஜீவாமிர்தத்தை இதன் இலையில் தெளிக்காதீர்கள். கீரையை நாம் கொதிக்க வைக்கிறோம், லெட்டூஸைப் பச்சையாகத் தின்கிறோம். சாணத்திலிருக்கும் கிருமி இலை மடிப்பில் தங்கினால் கழுவினாலும் முழுதாகப் போகாது. அமெரிக்க இயற்கை விவசாய விதியில், மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு மக்காத சாணம் போட்டால் அறுவடை வரை 120 நாள் இடைவெளி வேண்டும். நம் லெட்டூஸின் ஆயுளே அதற்குள் முடிந்துவிடும். ஆகவே நன்கு மக்கிய உரத்தை நடும்போதே கலந்துவிடுங்கள். இடையில் 15 நாளுக்கு ஒரு தடவை மண்புழு உரத்தை வேர்ப்பக்கம் ஒரு கைப்பிடி தூவி மண்ணைக் கிளறினால் போதும்.

சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி வந்தால் இலையின் அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி விரட்டுங்கள். உள் இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகினால் அது நோய் இல்லை. சூட்டிலும், தண்ணீர் ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைவதிலும் இளம் இலைக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததன் விளைவு. அதற்கு மருந்து தேடாமல் தண்ணீரைச் சீராக்குங்கள்.

அந்தக் கசப்பு, இலையைக் கிள்ளினால் கசியும் வெள்ளைப் பாலில் இருப்பது. சூட்டில் செடி பூக்கத் தயாராகித் தண்டை மேலே தள்ளும்போது அது கூடும், உங்கள் நாலு செடியும் செய்தது அதைத்தான். குளிர்காலச் செடியிலும் நடுத்தண்டு நீளத் தொடங்கினால் அன்றே முழுச் செடியையும் அறுத்துவிடுங்கள். அதுவரை வெளி இலைகளை மட்டும் காலையில் கிள்ளி, நடுவில் நாலைந்தை விட்டால் ஒரே செடி பல தடவை தரும்.

நாலு செடி இன்னும் நிற்கிறது என்றால் அதிலிருந்து விதை எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். லெட்டூஸ் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், குணம் அப்படியே விதையில் இறங்கும். சீக்கிரம் பூத்த செடியின் விதையை எடுத்தால் சீக்கிரம் பூக்கும் லெட்டூஸைத்தான் வளர்ப்பீர்கள். வரும் பருவத்தில் கடைசியாகத் தண்டு விடும் செடியைப் பறிக்காமல் அடையாளம் கட்டி விடுங்கள், அதில் எடுக்கும் விதை அடுத்த கார்த்திகைக்கு உதவும். இப்போதைக்கு அந்த நாலையும் பிடுங்கிவிட்டுப் பையில் பருப்புக்கீரை போடுங்கள். இந்த வெயிலில் அது நன்றாக வரும், பிஞ்சு இலையைக் கழுவிப் பச்சையாகவே சாலட்டில் போடலாம்.