கம்ப்யூட்டர் கேளுங்கள்: கார்டு வந்தாச்சு, மானிட்டர் எது?

கேள்வி: அண்ணா, இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு போட்டுப் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தாகிவிட்டது. மானிட்டருக்கு மிச்சம் 20,000 ரூபாய். கடைக்காரர் 27 இஞ்ச் ஃபுல் எச்டி கர்வ்டு எடுக்கச் சொல்கிறார். மாமா பையனோ 4கே வாங்காவிட்டால் கார்டு வீண் என்கிறான். தினமும் வேலரண்ட், லீவு நாளில் ஜிடிஏ 5 ஆடுவேன். எதை வாங்க?
– வாசகர், காட்பாடி

பதில்: தம்பி, இருவர் சொன்னதும் வேண்டாம்.

நம்ம வேலூரைக் கிண்டல் செய்யும் பழைய சொலவடை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்: கோட்டை இருக்கு ராஜா இல்லை, ஆறு இருக்கு தண்ணி இல்லை, கோயில் இருக்கு சாமி இல்லை. 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பிவிட்டார். அந்தக் கடைசி வரி செல்லாமல் போனது. 4060-உடன் 4கே மானிட்டரை மாட்டினால் அந்த இடத்தில் புதுசாக ஒரு வரி சேர்க்கலாம்: புள்ளி இருக்கு, ஃப்ரேம் இல்லை.

ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். இரண்டுக்கும் நடுவிலுள்ள 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், இத்தனை புள்ளிகளையும் கார்டு வரைந்தாக வேண்டும். வேலரண்ட் லேசான கேம், 4கே-யிலும் ஓடிவிடும். ஆனால் புதிய கனமான கேம்களில் 8 ஜிபி நினைவகம் உள்ள உங்கள் கார்டு மூச்சு வாங்கும். போதாக்குறைக்கு, இந்த விலையில் வரும் 4கே பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 படம். 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு படம். 144 ஹெர்ட்ஸில் அது 6.9 ஆகிறது. வேலரண்டில் மூலையிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

அடுத்து கடைக்காரர் சொன்னது. ஃபுல் எச்டி 24 இஞ்சில் நன்றாக இருக்கும். அதையே 27 இஞ்சுக்கு இழுத்தால் புள்ளிகள் பெருத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து உதவும். கடையில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இரண்டடி தள்ளி நின்று 'ஞ', 'ணை' எழுத்துகளின் சுழியைப் பாருங்கள். ஓரம் படிக்கட்டு மாதிரி இருக்கும். கர்வ்டு மானிட்டர்களில் பாதிக்கு மேல் விஏ வகைப் பேனல். கறுப்பு நல்ல கறுப்பாக வரும், ஆனால் இருட்டுக் காட்சியில் வேகமாகத் திரும்பினால் பின்னால் புகை இழுத்த மாதிரி தெரியும். கறுப்புப் பின்னணியில் சாம்பல் நிற எழுத்தை வேகமாக உருட்டிப் பார்த்தால் அங்கேயே அகப்பட்டுவிடும்.

என் யோசனை: 27 இஞ்ச், 1440பி, ஐபிஎஸ் வகைப் பேனல், 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். உங்கள் பணத்துக்குள் தேடினால் கிடைக்கும். கனமான கேம் வந்தால் கார்டிலுள்ள டிஎல்எஸ்எஸ் வசதியைக் குவாலிட்டியில் வையுங்கள். கார்டு உள்ளே 960பி-தான் வரையும், திரை 1440பி-க்கு நிரம்பும். மானிட்டரில் ஃப்ரீசிங்க் (திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் வசதி) என்று போட்டிருந்தால் என்விடியா கார்டுக்கு ஆகாது என்று பயப்படாதீர்கள், 2019 முதல் ஒத்துப்போகிறது. வெளிச்சமும் நிறமும் கூடும் என்று சொல்லும் 'எச்டிஆர் 400' ஸ்டிக்கருக்காக ஒரு ரூபாய் கூடுதலாகத் தர வேண்டாம்.

என் அசட்டுத்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சத்துவாச்சாரி வீட்டு மாடியறையில் முதல் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை மாட்டி, 'அடடா, என்ன வழுக்கல்!' என்று வருகிறவர்களிடமெல்லாம் நான்கு மாதம் பெருமை பேசினேன். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் அது 60-லேயே இருந்தது. ஒருநாள் அக்கா பையன்தான் மவுஸ் அம்பை வட்டமாகச் சுழற்றிப் பார்த்து, "மாமா, இது 60" என்றான். முதல் நாளே மாற்றிவிடுங்கள். கேபிளை மதர்போர்டில் சொருகாமல் கார்டில், டிஸ்ப்ளேபோர்ட்டில் சொருகுங்கள்.

யுபிஎஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மே மாதத்தில் நம்மூர் கரண்ட் தெரிந்ததுதானே. கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

கேள்வி: வீட்டில் 43 இஞ்ச் டிவி சும்மா இருக்கிறது. அதையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, ஆற்காடு

பதில்: ஆறடி தள்ளி உட்கார்ந்து கன்ட்ரோலரில் ஆடுவதென்றால் தாராளமாக. கேம் மோடு போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டிவி படத்துக்குப் பவுடர் பூசி அனுப்புவதற்குள் உங்கள் ஆள் பள்ளத்தில் விழுந்திருப்பார், அம்மா.