காவிரி முடியும் கரைக்குப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

நான் பவானிக்காரி. மயிலாடுதுறைப் பக்கம் பதினெட்டு வருடம் பள்ளிக்கூட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். பூம்புகார் முதல் கோடிக்கரை வரை போய் வருவது பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒருவர்: பனியன் கம்பெனி வேலைங்க டீச்சர். சனிக்கிழமை ராத்திரி வேன் எடுத்தால், ஞாயிறு ஒரே நாளில் பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, கோடிக்கரை எல்லாம் முடித்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. பூம்புகாருக்கும் கோடிக்கரைக்கும் நடுவிலேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தூக்கம் கெட்ட உடம்போடு ஐந்து இடம் இறங்கி ஏறினால் ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு தடவை வடபாதி, அதாவது பூம்புகாரும் தரங்கம்பாடியும். இன்னொரு தடவை நாகூரிலிருந்து தெற்கே. எப்படியும் ஒரு ராத்திரி தங்குங்கள். கடற்கரை ஊரை விடியற்காலையில்தான் பார்க்க வேண்டும்.

வேனை விட ரயில் நல்லது. கோவை மயிலாடுதுறை ஜன் சதாப்தி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி வழியாகப் போகிறது. காலையில் ஏறினால் மதியம் இறங்கிவிடலாம். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, பார்த்து டிக்கெட் எடுங்கள். ஈரோடு தாண்டினால் திருச்சி வரை பெரும்பாலும் காவிரியை ஒட்டியே பாதை. நம்ம ஆறு போகிற வழியிலேயே நீங்களும் போகிறீர்கள், ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள்.

கோபியிலிருந்து ஒரு அம்மா: தரங்கம்பாடியில் கோட்டை ஒன்றுதானே? அரை மணி நேரம் போதும் என்கிறார்களே?

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கும். கோட்டை முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நேராக வேளாங்கண்ணிக்கு வண்டி விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கோட்டை, தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டியது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உள்ளே அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் ராஜ வீதியில் நிதானமாக நடங்கள். 1706இல் இங்கே வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு கட்டிய புது எருசலேம் ஆலயம், 1718ஆம் வருடத்தது. அவர் கல்லறையும் அதற்குள்ளேதான். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியது இந்த ஊரில். அச்சகத்துக்குக் காகிதம் செய்த இடம் பக்கத்துப் பொறையாரில். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் அங்கே வழங்குகிறது. தமிழ்ப் புத்தகம் படிக்கிற யாரும் ஒரு நிமிஷம் அங்கே நிற்க வேண்டும் என்பேன்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாறைகளில் அலை அடிக்கிற சத்தம் சன்னிதி வரை கேட்கும். காலை ஆறு மணிக்குப் போங்கள். கூட்டம் இராது.

காங்கயத்திலிருந்து ஒருவர்: பூம்புகாரில் பழைய நகரம் எதுவும் மிச்சமில்லை என்கிறார்களே டீச்சர், போய் என்ன பார்ப்பது?

கரையில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, 1973இல் கட்டியது. பலரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கீழையூரைக் கேட்டுப் போங்கள். மண்ணுக்கடியிலிருந்து செங்கல் படகுத்துறை ஒன்றை அங்கே தோண்டி எடுத்தார்கள், படகு கட்டிய மரத்தூண்களோடு. பல்லவனேச்சுரத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளம் இருக்கிறது. பார்ப்பதற்குச் சின்னதுதான். ஆனால் நீங்கள் காங்கயத்துக்காரர், நொய்யல் கரைக் கொடுமணல் உங்களுக்குத் தூரமில்லை. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். அந்தக் காலத்தில் பளிங்கிலும் பச்சைக்கல்லிலும் மணி கோத்த ஊர் அது. நொய்யல் காவிரியில் சேர்கிறது, காவிரி பூம்புகாரில் கடலில் சேர்கிறது. இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்தால் அந்தச் செங்கல் துறை வேறு மாதிரி தெரியும்.

பெருந்துறையிலிருந்து ஒரு தங்கை: பூம்புகாரில் குழந்தைகளைக் கடலில் குளிக்க விடலாமா அக்கா?

விடாதே கண்ணு. அங்கே இழுப்பு அதிகம், ஆழமும் சட்டென்று வரும். வாய்க்காலில் நீந்திப் பழகிய நம்ம பிள்ளைகள் கடலையும் அப்படியே நினைத்துவிடுவார்கள். கணுக்கால் நனைந்தால் போதும்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: வேதாரண்யத்துக்கும் நம்ம பக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டுங்க. 1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குச் சுமார் நூறு பேரோடு தடையை மீறி உப்பு எடுக்க நடந்த ராஜாஜி, சேலத்தில் வக்கீலாக இருந்தவர், திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் வைத்தவர். அவர்கள் பாடிக்கொண்டு போன பாட்டை எழுதியது உங்கள் நாமக்கல் கவிஞர். வழியில் சோறு போட்டால் தண்டனை என்று அரசாங்கம் மிரட்டியபோது, ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். நினைவுத் தூண் அங்கே இருக்கிறது, சுற்றிலும் உப்பளம். வெயில் ஏறினால் வெள்ளை கண்ணைக் குத்தும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து ஒரு மாணவர்: கோடிக்கரையில் பூநாரை பார்க்க எப்போது வரலாம் மேடம்?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வரும் தம்பி. ஆனால் நவம்பரில் புயல் பயம் உண்டு. 2018 நவம்பர் 16 கஜா புயலில் அந்தப் பக்கத்து மரங்கள் விழுந்து கிடந்ததைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. ஜனவரி, பிப்ரவரிதான் சரி. பறவைகள் காட்டுக்குள் இல்லை, உப்புச் சதுப்பில். காட்டுக்குள் போனால் வெளிமான் கூட்டமும் மட்டக்குதிரைகளும் தெரியும். இரண்டும் தனித்தனி இடம், வனத்துறை வாசலில் கேட்டு அனுமதியோடு போ. பைனாகுலர் இல்லாமல் வராதே.

ஈரோட்டிலிருந்து: நல்ல மீன் எந்த மாதம்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அதைத் தவிர்த்து வாருங்கள். வேளாங்கண்ணியில் செப்டம்பர் 8 திருவிழா நாட்களில் அறை கிடைப்பது கஷ்டம்.

கொடுமுடியிலிருந்து ஒரு பெரியவர்: போன கோடையில் போனேனம்மா. கடல்முகத்தில் காவிரி என்று காட்டினார்கள், வெறும் மணல்தான். மனசு ஆறவில்லை.

எனக்கும் முதல் தடவை அப்படித்தான் ஐயா. வழியெல்லாம் வயலுக்குக் கொடுத்துவிட்டு வருகிற ஆறு, கோடையில் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வந்த பிறகு, ஆடி பதினெட்டை ஒட்டி ஒரு முறை போங்கள். இங்கே கூடுதுறையில் நாம் முளைப்பாரி விடுகிற அதே நாளில் அங்கே பெண்கள் கடல்முகத்தில் காவிரிக்குப் படையல் வைத்துக் கும்பிடுவார்கள். கூட்டம் இருக்கும், கைத்தடியும் கூட ஒரு ஆளும் வேண்டும். நான் வருகிற ஆடியில் போகிறேன், சொன்னால் ஒன்றாகவே கிளம்பலாம்.