மழலையர் கல்விப் பட்டத்துக்கு எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 27. ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பை முடித்துவிட்டு, ஐந்து ஆண்டுகளாக ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மழலையர் கல்வியில் மூன்றாண்டுப் பட்டம் படிக்க ஆசை. தொகைகளை என் மாதச் சம்பளத்தை அளவாக வைத்தே சொல்லிவிடுகிறேன். மூன்றாண்டுக் கட்டணம் 18 மாதச் சம்பளம். கையில் இருக்கும் சேமிப்பு 8 மாதச் சம்பளம். பெற்றோருடன் வசிக்கிறேன்; சம்பளத்தில் பாதியை வீட்டுக்குக் கொடுக்கிறேன். வங்கி 10 சதவீத வட்டிக்கு, பத்தாண்டுத் தவணையில் கடன் தருகிறது. பட்டம் இருந்தால் காப்பகங்களில் 30 சதவீதம் கூடுதல் சம்பளம் கிடைக்கும்; பள்ளிகளின் மழலையர் பிரிவில் இடம் கிடைத்தால் 70 சதவீதம் கூடும். வேலையை விட்டுவிட்டு முழுநேரம் படிக்கலாம் என்று நினைக்கிறேன். கடன் எதற்கு, ஓய்வுக்காலத்துக்குப் போட்டு வைத்திருக்கும் வைப்புத்தொகையை எடுத்துத் தருகிறேன் என்கிறார் அப்பா. ‘குழந்தை பார்த்துக்கொள்ளப் பட்டம் எதற்கு, ஆறு மாத டிப்ளமா போதாதா?’ என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்வது?

பதில்: படியுங்கள். ஆனால் வேலையை விட்டுவிட்டுப் படிக்க வேண்டாம். அப்பாவின் வைப்புத்தொகையைத் தொடவும் வேண்டாம்.

முதலில் உங்கள் மனதில் இருக்கக்கூடிய ஒரு நம்பிக்கையைச் சரிபார்த்துவிடலாம். இந்தப் படிப்புக்கான விளம்பரக் கையேடு எதைப் புரட்டினாலும், சிறு வயதுக் கல்வியில் போடும் முதலீட்டைப்போல லாபம் தருவது வேறில்லை என்ற வாசகம் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். அது பொய்யில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில் 1962-இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு இந்தத் துறையில் எல்லாரும் அறிந்தது. ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, 58 பேருக்கு மட்டும் நல்ல மழலையர் கல்வி கொடுத்தார்கள். பாடம் நடத்தியவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள். வாரம் ஒருமுறை குழந்தையின் வீட்டுக்கும் போனார்கள். அந்தக் குழந்தைகள் நாற்பது வயதைத் தாண்டும்வரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 2000-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜேம்ஸ் ஹெக்மன் குழுவினர் அந்த விவரங்களை வைத்துக் கணக்கிட்டதில், போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 7 முதல் 10 சதவீதம் பலன் வந்திருப்பதாகத் தெரிந்தது.

பலன் வந்தது சரி. யாருக்கு வந்தது? வளர்ந்து நல்ல வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு, குற்ற வழக்குகளும் உதவித்தொகைச் செலவும் குறைந்ததால் அரசுக்கு, ஊருக்கு. பாடம் நடத்திய ஆசிரியரின் சம்பளப் பட்டியலில் அந்த லாபத்தில் ஒரு காசும் ஏறவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். ஆகவே உங்கள் பைக்குள் வரக்கூடிய பணத்தை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மதிப்பான வேலை என்பதற்காக அதிகக் கடன் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த மதிப்பைக் கொண்டு தவணை கட்ட முடியுமா என்று கேளுங்கள்.

சம்பளம் ஏன் ஏறுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைக்குழந்தைகள் அறையில் ஒருவர் மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்குமேல் பார்த்துக்கொள்ள முடியாது. பல நாடுகளில் சட்டமே அதற்கு வரம்பு வைத்திருக்கிறது. அப்படியானால் அந்த அறையின் வருமானம் நான்கு பெற்றோர் கட்டும் கட்டணம்தான். அதிலிருந்து வாடகை, சாப்பாடு, காப்பீடு, நிர்வாகச் செலவு எல்லாம் போக மிஞ்சுவதுதான் உங்கள் சம்பளம். மற்ற தொழில்களில் திறமை வளர வளர ஒருவர் கூடுதல் வாடிக்கையாளர்களைக் கவனிக்கலாம். நீங்கள் எத்தனை பட்டம் வாங்கினாலும் ஐந்தாவது குழந்தையைத் தூக்க மூன்றாவது கை முளைக்காது. பெற்றோரும் இதற்குமேல் கட்ட முடியாது. அரசு பணம் போட்டால் ஒழிய இந்த முடிச்சு அவிழாது. பள்ளிகளின் மழலையர் பிரிவில் சம்பளம் கூடுதலாக இருப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் அதுதான்: அங்கே தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான சம்பள விகிதம் கிடைக்க வாய்ப்பு உண்டு, வகுப்பில் பிள்ளைகளும் அதிகம்.

இனி கணக்கு. வேலையை விட்டுவிட்டுப் படித்தால், 18 மாதச் சம்பளம் கட்டணம் என்று நீங்கள் எழுதியது செலவில் மூன்றில் ஒரு பங்குதான். 36 மாதம் வாங்காமல் விடும் சம்பளமும் செலவே. ஆக மொத்தம் 54. பட்டம் முடித்துக் காப்பகத்திலேயே வகுப்பு ஆசிரியர் ஆனால், 30 சதவீதக் கூடுதல் என்பது ஆண்டுக்கு 3.6 மாதச் சம்பளம். 54-ஐ மீட்க 15 ஆண்டுகள். வட்டி இதில் சேரவில்லை. பள்ளியில் இடம் கிடைத்தால் ஆண்டுக்கு 8.4, ஆறரை ஆண்டில் மீண்டுவிடும். ஒரே பட்டம், ஒரே கட்டணம். எந்த வாசல் வழியாக வேலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் இரண்டு மடங்குக்குமேல் மாறுகிறது.

வேலையில் இருந்தபடியே பகுதிநேரமாகப் படிப்பதைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு 80 சதவீதச் சம்பளம் வாங்குகிறீர்கள், படிப்பு ஐந்து ஆண்டாக நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். இழக்கும் சம்பளம் 12 மாதம். இதோடு நடைமுறைப் பயிற்சி என்ற ஒன்று உண்டு. மாணவர்கள் கடைசியில்தான் அதன் விலையை உணர்கிறார்கள். வேறொரு நிறுவனத்தில் பல வாரங்கள், பெரும்பாலும் ஊதியம் இல்லாமல், முழுநாள் வேலை. மூன்றாண்டுப் படிப்பில் எல்லாம் சேர்ந்து ஐந்து மாதம் என்று எடுத்துக்கொண்டால், 80 சதவீதக் கணக்கில் 4 மாதச் சம்பளம் போகும். 18, 12, 4 சேர்ந்து 34. காப்பகச் சம்பளத்தில் மீட்க ஒன்பதரை ஆண்டு. பள்ளிச் சம்பளத்தில் நான்கு.

இன்னும் குறைக்கலாம். உங்கள் ஓராண்டுச் சான்றிதழுக்கும் ஐந்தாண்டு அனுபவத்துக்கும் பல்கலைக்கழகம் படிக்க வேண்டிய பாட அலகுகளில் (கிரெடிட்) சிலவற்றைக் கழித்துக்கொடுக்குமா? முன்படிப்பையும் பணி அனுபவத்தையும் அங்கீகரிக்கும் நடைமுறை பல இடங்களில் இருக்கிறது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு. ஓராண்டு கழிந்தால் கட்டணம் 12 ஆகிவிடும். பகுதிநேரமாகப் படித்தாலும் 40 மாதத்தில் முடியும். இழக்கும் சம்பளம் 8, பயிற்சிக்கு 4. மொத்தம் 24. பள்ளிச் சம்பளத்தில் மூன்று ஆண்டுக்குள் மீண்டுவிடும். காப்பகத்திலேயே இருந்தாலும் ஏழு ஆண்டைத் தாண்டாது. 54 எங்கே, 24 எங்கே!

கல்விக் கடனில் பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. படிக்கும்போது தவணை இல்லை என்பதால் வட்டி ஓடவில்லை என்று பொருளில்லை. 100 கடன் வாங்குகிறீர்கள், மூன்று ஆண்டுகளின் தொடக்கத்தில் மூன்று சம பங்காக வருகிறது, வட்டி 10 சதவீதம் என்று கொள்ளுங்கள். படிப்பு முடிகிற நாளில் அது 121 ஆகியிருக்கும். அதன் பிறகு பத்தாண்டுத் தவணை கட்டினால் மொத்தம் 192-க்குமேல் கட்டி முடிப்பீர்கள். படிக்கும் காலத்திலேயே அந்தந்த ஆண்டு வட்டியை மட்டும் கட்டிவந்தால், எல்லாம் சேர்த்துச் சுமார் 179-இல் முடிந்துவிடும். வேலையில் இருந்துகொண்டே படிப்பதற்கு இது இன்னொரு காரணம்.

எவ்வளவு வரை வாங்கலாம்? இந்தத் துறைக்கு நான் வைக்கும் வரம்பு: படிப்பு முடிந்ததும் கிடைக்கக்கூடிய இரண்டு சம்பளங்களில் குறைந்ததை எடுத்துக்கொண்டு, அதில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தவணை போகக் கூடாது. மற்ற துறையினருக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகச் சொல்வேன். அங்கே சம்பளம் ஏற ஏறத் தவணை சிறியதாகிவிடும், இங்கே அவ்வளவு எளிதில் ஆகாது. உங்கள் கணக்கில் அந்தச் சம்பளம் 1.3, தவணை 0.13. பத்தாண்டு, 10 சதவீத வட்டி என்றால், தவணை தொடங்கும் நாளில் கடன் பாக்கி 10 மாதச் சம்பளத்தைத் தொடக் கூடாது. படிக்கும்போது சேரும் வட்டியைக் கழித்தால், கையில் வாங்கும் கடன் 8 வரைதான். கட்டணம் 12 என்றால் மீதி 4-ஐச் சேமிப்பிலிருந்து எடுங்கள். சேமிப்பில் மிஞ்சும் 4, ஊதியம் இல்லாத பயிற்சி வாரங்களுக்கும் அவசரத்துக்கும். வீட்டுக்குக் கொடுக்கும் பாதியைக்கூட அந்த வாரங்களில் நிறுத்த வேண்டி வராது.

கடனைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்ததுபோல, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற அரசுக் கடன் உங்களுக்குக் கிடைக்குமானால், வங்கிப் பக்கமே போகாதீர்கள். உங்கள் காப்பக நிர்வாகியிடமும் பேசுங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1990-இல் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவிய ஓர் உதவித்தொகைத் திட்டத்தில், பணியில் இருப்பவரின் படிப்புச் செலவைத் திட்டமும் நிறுவனமும் மாணவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பதிலுக்குக் குறிப்பிட்ட காலம் அதே இடத்தில் வேலை பார்க்க ஒப்புக்கொள்கிறார் மாணவர். ஐந்தாண்டு பழகிய ஊழியரை இழந்துவிட்டுப் புதியவரைப் பழக்குவதற்கு ஆகும் செலவு உங்கள் நிர்வாகிக்கு நன்றாகத் தெரியும். ஒரு பருவக் கட்டணத்தைக் கேட்பதில் தவறில்லை. எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் சொல்லும் ஆறு மாத டிப்ளமா விஷயத்துக்கு வருகிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டாயிற்று. பட்டப்படிப்பு வேறொன்றைக் கற்றுத்தருகிறது. முதலாண்டு மாணவரைக் கட்டைகள் அடுக்கும் மூலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார வைப்பார்கள். ‘கோபத்தில் கோபுரத்தைத் தள்ளினான்’ என்று எழுதினால் திருத்தப்பட்டு வரும். ‘மேல் கட்டை இருமுறை சரிந்தது. கதவைப் பார்த்தான். முழங்கையால் கோபுரத்தைத் தள்ளினான். பேசவில்லை’ என்று எழுதப் பழக வேண்டும். கண்டதையும் ஊகித்ததையும் பிரித்து எழுதத் தெரிந்தவரின் குறிப்பை நம்பித்தான் பேச்சுப் பயிற்சியாளரிடமோ மருத்துவரிடமோ குழந்தையை அனுப்ப முடியும். மொழி வளர்ச்சி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள், குழந்தைப் பாதுகாப்பு, பெற்றோரோடு பேசும் முறை எல்லாம் இதன்மேல்தான் கட்டப்படுகின்றன. வகுப்புப் பொறுப்பையும் மையத் தலைமைப் பதவியையும் நம்பிக் கொடுப்பது இதற்காகத்தான்.

டிப்ளமா வாங்கினால் நீங்கள் இப்போது செய்யும் வேலையைச் செய்யத் தகுதி என்று இன்னொரு தாள் கிடைக்கும். பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவரே 1929-இல் நிறுவிய சர்வதேசச் சங்கத்தின் பயிற்சி கடுமையானது, மதிப்புள்ளது. ஆனால் மாண்டிசோரி என்ற சொல்லைப் பல இடங்களில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். நல்ல பயிற்சியாகவே இருந்தாலும், அது ஆசிரியர் உரிமத்துக்கு ஈடாகுமா என்பது தனிக் கேள்வி.

அந்த உரிமம்தான் உங்கள் கணக்கின் அச்சாணி. யுனெஸ்கோவின் வரையறைப்படி இளம் குழந்தைப் பருவம் பிறப்பிலிருந்து எட்டு வயதுவரை. ஆனால் சில பட்டங்கள் ஐந்து வயதோடு நின்றுவிடும்; சில எட்டு வயதுவரை கற்பிக்க உரிமம் தரும். 70 சதவீதம் கூடுதல் சம்பளம் இரண்டாவது வகைக்குத்தான் திறக்கும் என்றால், கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அதையே எடுங்கள். உரிமம் இல்லாத பட்டமாக இருந்தால், உங்கள் இடத்தில் நான் இப்போதைக்குச் சேரமாட்டேன்.

இதையே பள்ளி முடித்த 18 வயதுப் பெண் கேட்டிருந்தால், முதலில் ஓராண்டு காப்பகத்தில் வேலை பார்த்துவிட்டு வா என்றிருப்பேன். இந்த வேலையைச் சில ஆண்டுகளில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கடன் மட்டும் மிஞ்சும். நீங்கள் ஐந்தாண்டு நின்று காட்டிவிட்டீர்கள்.

அப்பா விஷயம். உங்களுக்குக் கடன் கொடுக்க வங்கி இருக்கிறது. அவருடைய ஓய்வுக்காலத்துக்குக் கடன் கொடுக்க யாரும் வரமாட்டார்கள். உதவியே ஆக வேண்டும் என்று அவர் நினைத்தால், பயிற்சி நடக்கும் ஐந்து மாதமும் நீங்கள் வீட்டுக்குக் கொடுக்கும் பங்கைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கட்டும். அது இரண்டரை மாதச் சம்பளத்துக்குச் சமம். வைப்புத்தொகையும் அப்படியே இருக்கும்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இந்தப் பட்டத்தோடு ஆசிரியர் உரிமம் வருமா, எந்த வயதுவரை? சான்றிதழுக்கு எத்தனை அலகு கழியும்? பயிற்சி மொத்தம் எத்தனை வாரம், அதில் ஒரு பகுதியை நான் வேலை பார்க்கும் காப்பகத்திலேயே செய்யலாமா? பயிற்சிக்கு முன் கேட்கும் காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, முதலுதவிச் சான்று ஆகியவற்றின் செலவு யாருடையது? பதிலை எழுத்தில் கேளுங்கள். ஓராண்டுக்குப் பதில் அரையாண்டுதான் கழியும் என்று பதில் வந்தால், கட்டணம் 15, இழப்பு 10, பயிற்சி 4 என மொத்தம் 29 ஆகும். பள்ளிச் சம்பளத்தில் மூன்றரை ஆண்டு, காப்பகச் சம்பளத்தில் எட்டு ஆண்டு. அப்போதும் சேரலாம். கடன் மட்டும் 8-ஐத் தாண்டக் கூடாது; குறையும் 3-ஐ நிர்வாகியிடம் கேளுங்கள், அல்லது ஓராண்டு சேமித்துவிட்டு அடுத்த சேர்க்கையில் சேருங்கள்.