தேக்குப் பலகையில் இருக்கும் பெயர்கள்

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கக் கட்டடத்தைப் புதுப்பித்து வருகிறோம். கூடத்தில் 1941–1945 என்று தலைப்பிட்ட தேக்குப் பலகை ஒன்றில், போர்க்காலத்தில் இறந்த சுமார் இருபது பேரின் பெயர்கள் பொன்னெழுத்தில் உள்ளன, பாதி மங்கிவிட்டன. சிலர் பட்டாளத்தார், சிலர் சயாம் ரயில் வேலைக்குப் போனவர்கள், சிலர் இந்தியாவுக்கு நடந்து போகும் வழியில் இறந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பலகையை எடுத்துவிட்டு, 'போர் வீரர்கள்' என்ற தலைப்பில் கருங்கல்லில் அகர வரிசையாகப் பொறிக்கலாமா?
– வாசகர் ஒருவர், மோல்மீன், பர்மா

பதில்: எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். கல்வெட்டு வைப்பது தவறில்லை. ஆனால் அது பழைய பலகைக்குப் பக்கத்தில் இருக்கவேண்டுமே தவிர, அதன் இடத்தில் அன்று.

பட்டாளத்தில் இறந்தவரின் பெயர் வேறு இடத்திலும் இருக்கக்கூடும். இரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் போர்க் கல்லறையில் உள்ள நினைவுத் தூண்களில், கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் தரப்புப் படைகளில் இறந்தோருக்கான காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தேடினால், சிலருக்குத் தகப்பன் பெயரும் தமிழ்நாட்டுச் சொந்த ஊரும்கூடக் கிடைக்கும். தேடுவதற்கு முன், அவர் இருந்தது பிரிட்டிஷ் இந்தியப் படையிலா, நேதாஜியின் படையிலா என்று குடும்பத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போனவர்களின் நிலை வேறு. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து உங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, 12,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் இறந்திருந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ சுமார் 90,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழர்களும் இங்கேயே திரட்டப்பட்டவர்களும் அவர்களுள் அடக்கம். தான்பியூசயாட் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர்க்கற்கள் உள்ளன. காலராவிலும் பசியிலும் மாண்டு காட்டோரத்தில் புதைக்கப்பட்ட கூலித் தமிழனுக்கு அப்படி ஒரு கல் இல்லை. 1942-இல் இந்தியாவுக்குத் தப்பிச் செல்லத் தமு வழியாகவும் ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் நடந்து மாண்டவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே அவர்களுள் ஒருவர் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் உங்கள் பலகையாகவே இருக்கலாம். இத்தனை பேரையும் 'போர் வீரர்கள்' என்று ஒரே தலைப்பில் அடக்கினால், அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போய்விடும்.

அகர வரிசையும் வேண்டாம். பலகை எழுதியவர் வைத்த வரிசை, செய்தி வந்து சேர்ந்த வரிசையாகவோ ஒரே குடும்பத்தாரைச் சேர்த்து எழுதியதாகவோ இருக்கலாம். கலைத்துவிட்டால் அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது. எழுத்துப் பிழை என்று தோன்றும் பெயர்களையும் திருத்தாதீர்கள்.

கொத்தனார் வேலை தொடங்குமுன், இருட்டில் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பலகையைப் படமெடுங்கள். மங்கிய எழுத்தின் விளிம்பு தெரியவரும். உப்புத்தாளால் தேய்க்கவோ, மேலே வார்னிஷ் பூசவோ விடாதீர்கள். புதிய கல்லில் ஒவ்வொரு பெயருக்குக் கீழும், தெரிந்தவரை, ஊரையும் இறந்த விதத்தையும் ஒரு வரியில் எழுதி, அடியில் சில வரிகளுக்கு இடம் விட்டு வையுங்கள். பலகையில் ஏறாத ஒரு தாத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டு இனியும் யாரேனும் வரக்கூடும்.